ஐந்து மாதம் உறங்கும் கார்!

நவம்பர் முதல் வாரம், சனிக்கிழமை காலை. கனடாவின் டொரண்டோ நகரை ஒட்டிய புறநகர்த் தெரு. மேப்பிள் மரங்கள் இலையைக் கொட்டி முடித்துவிட்டன. பாதி வீடுகளின் வாசலில் கார்கள் ஜாக்கியின் மேல் நிற்கின்றன. கோடை டயரைக் கழற்றிவிட்டுக் குளிர்கால டயர் மாட்டும் வேலை மும்முரமாக நடக்கிறது.

ஒரு வீட்டில் மட்டும் காட்சி வேறு. வாசலில் நிற்கும் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் காருக்குச் சோப்பு நுரையோடு குளியல் நடக்கிறது. மேலே மட்டுமல்ல, சக்கர வளைவுகளுக்குள், காரின் அடிவயிற்றில் என்று இண்டு இடுக்கு விடாமல் தண்ணீர் பீய்ச்சப்படுகிறது. இந்த வருடத்தின் கடைசிக் குளியல் இது. துடைத்துக் காயவைத்து உள்ளே கொண்டுபோய் விட்டால், அந்தக் கார் மீண்டும் வெயிலைப் பார்க்க ஏப்ரல் மாதமாகிவிடும்.

லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய காரை வருடத்தில் ஐந்து மாதம் பூட்டி வைப்பதா என்று கேட்கத் தோன்றும். ஆனால், கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் ஐரோப்பாவின் குளிர் நாடுகளிலும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் பலர் ஆண்டுதோறும் செய்கிற காரியம் இது. வெளியே எடுத்தால் கெட்டுப்போகும் என்பதற்காகத்தான் நிறுத்தி வைக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், சும்மா நிறுத்தி வைத்தாலும் கார் கெட்டுப்போகும். அதனால், நிறுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது.

எதிரி பனி அல்ல, உப்பு

பனி பெய்தால் சாலை வழுக்கும். வழுக்கினால் உயிர் போகும். அதனால், பனிக்காலம் முழுக்க நகராட்சி லாரிகள் சாலையில் உப்பைத் தூவிக்கொண்டே போகின்றன. சமையல் உப்பின் அதே சோடியம் குளோரைடுதான், சுத்திகரிக்காத கல் வடிவத்தில். தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையும். உப்புக் கலந்தால் அதற்கும் கீழே போனால்தான் உறையும். குளிர் மைனஸ் 10-ஐத் தாண்டிவிட்டால் சாதாரண உப்பு வேலை செய்வது மந்தமாகிவிடும். அப்போது கால்சியம் குளோரைடு போன்ற வேறு உப்புகளைச் சேர்ப்பார்கள். சில நகரங்களில் சர்க்கரை பீட்டிலிருந்து கிடைக்கும் கழிவுச் சாற்றைக் கலந்து தெளிப்பதும் உண்டு.

இவ்வளவு உப்பு எங்கிருந்து வருகிறது? ஒன்டாரியோ மாகாணத்தில் ஹியூரான் ஏரிக்கரையில் கோடரிச் என்றொரு சிற்றூர். 1866-இல் அங்கே எண்ணெய் கிடைக்குமா என்று துளை போட்டவர்களுக்கு உப்புதான் கிடைத்தது. இன்று ஏரியின் அடியில், சுமார் 550 மீட்டர் ஆழத்தில், உலகின் மிகப்பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அங்கே இயங்குகிறது. கார்களின் தலைநகரம் என்று பெயர் வாங்கிய அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலும் ஓர் உப்புச் சுரங்கம் உண்டு. மேலே காரைச் செய்தார்கள். அந்தக் காரைத் தின்னும் உப்பு கீழேயே கிடந்தது!

கனடா முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பு சாலையில் கொட்டப்படுவதாக 2001-இல் அந்நாட்டு அரசு செய்த மதிப்பீடு சொல்கிறது. நீர்நிலைகளுக்கும் மரம் செடிகளுக்கும் அது கெடுதல் என்றும் அதே மதிப்பீடு எச்சரித்தது. காருக்கு அது செய்வதோ கண்ணெதிரே தெரியும் கெடுதல். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். அதில் உப்பும் சேர்ந்தால் வேகம் பல மடங்கு கூடும். சக்கரம் வாரி இறைக்கும் உப்புத் தண்ணீர் காரின் அடிப்பாகத்தில், தகடுகள் சேரும் இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்தாலும் விடாது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மறுபடியும் வேலையைத் தொடங்கும்.

முதலில் சக்கர வளைவின் ஓரத்தில் பெயின்ட் கொப்புளம்போல் எழும்பும். அது கண்ணுக்குத் தெரிகிற துரு. தெரியாத துருதான் ஆபத்து. பிரேக் எண்ணெய் போகிற மெல்லிய இரும்புக் குழாய் அரித்து, அவசரமாகப் பிரேக்கை மிதிக்கும் நேரத்தில் வெடித்தால் என்ன ஆகும்?

அலுமினிய உடல், ஃபைபர் உடல் என்றால் தப்பித்துவிடலாமே என்றால், அதுவும் முழு உண்மையல்ல. அமெரிக்காவின் புகழ்பெற்ற கார்வெட் கார் 1953-இல் அறிமுகமானபோதே அதன் உடல் ஃபைபர் கிளாஸ்தான். ஆனாலும், உள்ளே இருக்கும் சட்டம் இரும்பு. பழைய கார்வெட் வாங்குபவர்கள் வெளியழகில் மயங்காமல் முதலில் குனிந்து சட்டத்தைப் பார்ப்பது அதனால்தான். ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1976 மாடல் 911-க்குத் துத்தநாகப் பூச்சுள்ள தகட்டைக் கொண்டுவந்ததற்கும் இந்தத் துருதான் காரணம். அதற்கு முந்தைய கார்கள் பல உப்புக்கு இரையாகிவிட்டதால், துரு ஏறாத ஒன்று கிடைத்தால் இன்று அதற்குத் தனி விலை.

டயருக்கும் குளிரும்

உப்பே போடாவிட்டாலும் ஸ்போர்ட்ஸ் காரைக் குளிர்காலத்தில் ஓட்டுவது சிரமம். தரைக்கும் காருக்கும் இடையே அரைச் சாண்தான் இடைவெளி இருக்கும். ஒரே இரவில் அதற்கு மேல் பனி குவிந்துவிடும் ஊர்கள் அவை.

அடுத்தது டயர். இந்தக் கார்களோடு வரும் கோடை டயர், சூடான சாலையைக் கவ்விப் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்டது. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனதும் அதன் ரப்பர் இறுகத் தொடங்கும். சாலை காய்ந்திருந்தாலும் பிடிமானம் குறையும். மைனஸ் 7-க்குக் கீழே போனால் டயரின் மேற்பரப்பில் வெடிப்பு விழலாம் என்று கார் நிறுவனங்களே தங்கள் கையேட்டில் எச்சரிக்கின்றன. இறுகிய டயரோடு காரை இரண்டு அடி நகர்த்தினாலும் வெடிப்பு வரலாம். அதனால் நிறுத்துகிற நாள் முக்கியம். முதல் உப்பு லாரி தெருவுக்குள் வருவதற்கு முன், முதல் கடுங்குளிர் இறங்குவதற்கு முன், கார் உள்ளே போய்விட வேண்டும்.

தூங்கப் போகும் முன்…

குளியல் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகு மற்ற வேலைகள் தொடங்கும்.

*இன்ஜின் ஆயில்:* 'எப்படியும் ஓட்டப்போவதில்லை, ஏப்ரலில் மாற்றிக்கொள்ளலாம்' என்று நினைப்பவர்கள் அதிகம். அது தப்புக் கணக்கு. கோடை முழுக்க ஓடிய ஆயிலில் எரிபொருள் எரிந்ததால் உண்டான அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அதை ஐந்து மாதம் ஊறவிட்டால் இன்ஜினின் உள் பாகங்களை அரிக்கும். எனவே, நிறுத்துவதற்கு முன்பே புது ஆயில் ஊற்றி, அது எல்லா இடத்துக்கும் பரவும்படி ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும்.

*பெட்ரோல்:* டேங்க்கை நிரப்பி வைப்பதே நல்லது. பாதி டேங்க் என்றால் மீதிப் பாதியில் காற்று இருக்கும். அந்தக் காற்றின் ஈரம் குளிரில் நீராகப் படியும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும். பெட்ரோலும் நாள்பட்டால் தரம் கெடும் பொருள்தான். அதைத் தாமதப்படுத்த 'ஸ்டெபிலைசர்' என்ற திரவத்தை டேங்க்கில் சேர்ப்பார்கள். சேர்த்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டினால்தான் அது இன்ஜின்வரை போய்ச் சேரும். கார்புரேட்டர் உள்ள பழைய கார்களுக்கு இது இன்னும் அவசியம். கெட்ட பெட்ரோல் பிசின்போலப் படிந்து அதன் நுண்துளைகளை அடைத்துவிடும்.

*கூலன்ட்:* தண்ணீர் பாட்டிலை ஃபிரீசரில் வைத்து மறந்தால் வெடித்துவிடும் அல்லவா? உறையும்போது தண்ணீரின் கனஅளவு சுமார் 9 சதவிகிதம் கூடுவதால் வருகிற வினை அது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் இன்ஜினுக்கும் அதே கதிதான். உறைதடுப்புத் திரவமும் தண்ணீரும் சரிபாதி கலந்த கூலன்ட் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். கண்ணாடி கழுவும் தண்ணீரையும் குளிர்காலத் திரவமாக மாற்றிவிட வேண்டும்.

*பேட்டரி:* கார் தூங்கினாலும் அதன் மின்னணுச் சாதனங்கள் தூங்குவதில்லை. திருட்டு அலாரம், கடிகாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் கருவி என்று எல்லாம் சொட்டுச் சொட்டாக மின்சாரத்தைக் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் என்றாலே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஐம்பதே நாளில் காலி. 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் நின்ற காரில் சாவியைத் திருப்பியபோது 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்டது நம் ஊரில் பலருக்கும் நினைவிருக்கும்.

குளிர் நாட்டில் இன்னோர் ஆபத்தும் உண்டு. முழு சார்ஜ் உள்ள பேட்டரி மைனஸ் 50 டிகிரியில்கூட உறையாது. காலியான பேட்டரியோ மைனஸ் 10-க்குள்ளாகவே உறைந்து, உறையே வெடித்துவிடும். அதனால் வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சிறிய பராமரிப்பு சார்ஜரைக் குளிர்காலம் முழுக்க மாட்டி வைப்பார்கள். தேவையானபோது மட்டும் சார்ஜ் ஏற்றி, போதும் என்றால் தானே நின்றுகொள்ளும் கருவி அது. மறந்தவர்கள் படுகிற பாடு தனிக்கதை. சில போர்ஷே 911 மாடல்களில் பேட்டரி முன்பக்க மூடிக்குள் இருக்கும். அந்த மூடி திறப்பதோ மின்சாரத்தில்! பேட்டரி செத்தால் மூடி திறக்காது. மூடி திறக்காவிட்டால் பேட்டரிக்கு உயிர் கொடுக்க முடியாது. இதற்காகவே ஃபியூஸ் பெட்டியில் அவசர இணைப்பு ஒன்றை வைத்திருக்கிறார்கள். கையேட்டைப் படித்தவருக்குத்தான் அது தெரியும்.

*டயரும் பிரேக்கும்:* ஒரே இடத்தில் நின்றால் டயரின் அடிப்பாகம் தட்டையாகிவிடும். அதனால், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று அடிப்பார்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்கவே கூடாது. மாதக்கணக்கில் அழுத்திக்கொண்டே இருந்தால் பிரேக் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தால் போதும்.

*போர்வை:* பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடுவது பலர் செய்யும் தவறு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி பெயின்ட் மேலேயே படியும். காற்று புகுந்து வரும் துணிப் போர்வைதான் சரி.

வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்யலாமா?

காரை நேசிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். 'பாவம், நின்றுகொண்டே இருக்கிறதே' என்று வாரத்துக்கு ஒரு முறை போர்வையை விலக்கி, ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைப்பார்கள். காருக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியோடு போய்ப் படுப்பார்கள்.

உண்மையில் நடப்பது வேறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. இன்ஜின் நன்றாகச் சூடானால் அது ஆவியாக வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் இன்ஜினும் சூடாகாது, சைலன்சரும் சூடாகாது. தண்ணீர் உள்ளேயே தங்கி சைலன்சரை உள்ளிருந்து துருப்பிடிக்கவைக்கும். கொஞ்சம் ஆயிலிலும் கலக்கும். குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் பாய்வதால் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலமும் கழுவப்படும். ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூட அந்த ஐந்து நிமிடத்தில் பேட்டரிக்குத் திரும்பி வராது.

இன்ஜினை விடப் பெரிய ஆபத்து வீட்டில் இருப்பவர்களுக்கு. கராஜ் பெரும்பாலும் வீட்டோடு ஒட்டியே இருக்கும். அதன் மேல்தளத்திலேயே படுக்கையறை இருப்பதும் உண்டு. காரின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கராஜ் கதவைத் திறந்து வைத்திருந்தாலும்கூட அது வீட்டுக்குள் கசியும். தூங்குகிறவர்களுக்குத் தெரியாமலே உயிரைக் குடிக்கும். ஒன்டாரியோவில் கராஜ் ஒட்டிய வீடுகளில் இதற்கான அலாரம் சட்டப்படி கட்டாயம்.

அதனால், அனுபவசாலிகள் சொல்வது ஒன்றுதான். ஓட்டுவதானால் அரை மணி நேரம் உப்பில்லாத, காய்ந்த சாலையில் முழுச் சூடு ஏறும்வரை ஓட்டுங்கள். அது முடியாதென்றால் சாவியைத் தொடாதீர்கள்.

எலிக்குக் கிடைத்த மாளிகை

வெளியே மைனஸ் 20 டிகிரி. உள்ளே மெத்தை போன்ற இருக்கை, பஞ்சு வைத்த கூரை, ஆள் நடமாட்டம் இல்லாத அமைதி. எலிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? காற்று வடிகட்டியில் கூடு கட்டும், வயரிங்கைக் கடிக்கும். இருட்டில் நடக்கிற வேலை என்பதால் ஏப்ரல்வரை யாருக்கும் தெரியாது. ஹோண்டா நிறுவனம் மிளகாயின் காரச் சத்தைச் சேர்த்த ஒரு வகை டேப்பையே வயரைச் சுற்றுவதற்கென விற்கிறது.

சைலன்சர் வாய், காற்று உள்ளே போகும் குழாய் ஆகியவற்றில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து வைப்பது எளிய வழி. எலியால் அதைக் கடித்துத் துளைக்க முடியாது. ஆனால், வைத்ததை எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்தால் வம்பு. எங்கெங்கே நார் இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிட வேண்டும். காருக்குள் பிஸ்கட் துணுக்குகூட இல்லாமல் துடைப்பதும் இதில் சேர்த்தி.

கராஜ் யாருக்கு?

இந்த உறக்கத்துக்கு அதிக விலை கொடுப்பது காரின் உரிமையாளர் அல்ல, வீட்டில் இருக்கும் மற்றவர்கள். கராஜுக்குள் ஸ்போர்ட்ஸ் கார் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் போகும் குடும்பக் கார் வெளியே பனியில் நிற்கும். காலை ஆறு மணிக்குக் கையுறை மாட்டிக்கொண்டு அதன் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுவது பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டாத ஆள்தான்! பல வீடுகளில் ஜனவரி மாதச் சண்டைக்கு இதுவே காரணம்.

இரண்டு காருக்கும் இடமுள்ள கராஜ் என்றால் சண்டை இல்லை, ஆனால் வேறு சங்கடம். தினமும் வெளியே போய்வரும் கார் உப்பையும் பனியையும் சுமந்து வந்து உள்ளே உருகவிடும். தரையில் உப்புத் தண்ணீர், காற்றில் ஈரம். ஹீட்டர் போட்ட கராஜில் அந்த வெதுவெதுப்பே துருவுக்கு உதவி செய்யும். கார்களுக்குத் தேவை வெப்பம் அல்ல, வறட்சி. அதனால்தான் சிலர் ஈரம் உறிஞ்சும் கருவியை வைக்கிறார்கள். இன்னும் சிலர் கார்களுக்கென்றே உள்ள கட்டணக் கிடங்குகளில் கொண்டுபோய் விடுகிறார்கள். செலவுதான். ஆனால், வீட்டில் காலை நேர அமைதிக்கு அந்தப் பணம் தகும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இன்ஷூரன்ஸும் உறங்கலாம்

ஓடாத காருக்கு முழு இன்ஷூரன்ஸ் கட்டுவானேன்? ஒன்டாரியோவில் விபத்துக் காப்பை நிறுத்திவிட்டு, தீ, திருட்டு போன்றவற்றுக்கான காப்பை மட்டும் வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. ஜெர்மனியில் இதற்கு நம்பர் பிளேட்டிலேயே வழி செய்திருக்கிறார்கள். பிளேட்டின் ஓரத்தில் மேலே 04, கீழே 10 என்று இருந்தால், அந்தக் கார் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் சாலைக்கு வரலாம். மற்ற மாதங்களில் தெருவோரம் நிறுத்துவதுகூடக் குற்றம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. மார்ச் மாதம் திடீரென்று ஒரு நாள் வெயில் அடிக்கும். கை அரிக்கும். 'ஒரே ஒரு சுற்று' என்று காரை எடுப்பார்கள், இன்ஷூரன்ஸை மறுபடி உயிர்ப்பிக்கவில்லை என்பதை மறந்து. ஒன்டாரியோவில் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவைக்கே அபராதம் 5,000 டாலரில்தான் தொடங்குகிறது. விபத்து நேர்ந்தால் ஆகும் செலவு அதற்கு மேல்.

விழிக்கும் நாள்

பனி உருகிவிட்டது என்பதற்காக உடனே காரை எடுப்பதில்லை. சாலையில் படிந்த உப்பு, தூளாகப் பறந்துகொண்டிருக்கும். இரண்டு மூன்று நல்ல மழை பெய்து அதைக் கழுவிப் போகட்டும் என்று காத்திருப்பார்கள்.

அந்த நாள் வந்ததும் முதலில் ஸ்டீயரிங்கில் கட்டிய சீட்டு. நாரையெல்லாம் எண்ணி எடுக்க வேண்டும். பானெட்டைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா, வயர் கடிபட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தரையில் எண்ணெய்க் கசிவு, டயரில் காற்று, ஆயில் அளவு எல்லாம் பார்த்த பிறகு காரைத் திறந்தவெளிக்குத் தள்ளிக் கொண்டுவந்து சாவியைத் திருப்பலாம். முதல் சில கிலோமீட்டர் மெதுவாகத்தான். டிஸ்க்கில் படிந்த மெல்லிய துருவால் பிரேக் கரகரக்கும். நாலைந்து முறை மிதித்ததும் சரியாகிவிடும். தட்டையான டயர் லேசாக அதிரும். சூடேறியதும் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் டயர் கடைக்குப் போக வேண்டியதுதான். உறைந்து உருகியதில் சாலையெங்கும் விழுந்திருக்கும் பள்ளங்கள் மீதும் ஒரு கண் வேண்டும்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமையைச் செலவழித்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவருக்கு, ஏப்ரலில் இந்தச் சோதனை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நடுவில் இருந்த ஐந்து மாதமும் அவர் செய்ய வேண்டியிருந்தது, சார்ஜரின் பச்சை விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பது மட்டும்தான். கூடவே, வாசலில் நிற்கும் குடும்பக் காரின் பனியை இரண்டு நாளாவது தானே சுரண்டியிருந்தால், முதல் சுற்றுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார வீட்டிலிருந்து ஆளும் கிடைக்கும்!